எலும்புச் சாம்பலும் கந்தக அமிலமும்: ஆச்சாரியார் பி.சி. ரே



சிவகாசிப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு கதை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள், தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள், மழை பொய்த்த இந்தக் கரிசல் காட்டில் அடுப்பெரிய வழி பண்ணினார்கள். இது பாட்டி வாயிலேயே கேட்ட சங்கதி. ஆனால் அவர்கள் போயிறங்கிய அதே கல்கத்தாவில், அப்போது அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர், கசங்கிய கதர் உடுத்திக்கொண்டு, பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் குடியிருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பிரபுல்ல சந்திர ரே. நம் நாட்டு ரசாயனத் தொழிலின் தந்தை என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை அவர்.

1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இன்று வங்காளதேசத்தில் இருக்கும் ராருளி என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் ஹரிஷ் சந்திர ரே நிலக்கிழார். வீட்டிலேயே நூலகம் வைத்திருந்தவர், கடனும் வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. ஹேர் பள்ளியில் படிக்கும்போது 1874-இல் கடுமையான சீதபேதி வந்து பள்ளிக்கூடத்தையே விடவேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு வருஷம் வீட்டில். அந்த வயிற்றுக் கோளாறு சாகும்வரை அவரை விடவில்லை. படுக்கையில் கிடந்த பையன் தகப்பனாரின் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அரியர்ஸ் விழுந்தால் வாழ்க்கையே போச்சு என்று உட்கார்ந்துவிடும் நம்ம ஆட்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

பிறகு வித்தியாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்தார். ரசாயன வகுப்புக்கு மட்டும் பிரசிடென்சி கல்லூரிக்குப் போய், பெட்லர் என்ற பேராசிரியர் செய்து காட்டும் சோதனைகளைப் பார்ப்பார். பார்த்தது போதவில்லை. நண்பர் ஒருவரோடு சேர்ந்து தங்கியிருந்த இடத்திலேயே ஒரு குட்டி ஆய்வுக்கூடம் போட்டார். தகரக்காரரிடம் மெல்லிய தகட்டில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஊதுகுழல் ஒன்று செய்து வாங்கி, அதைப் பற்றவைத்தார்கள். அது வெடித்தது. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆர்வம் மட்டும் இருந்து, பாத்திரம் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பது அவருக்கு இருபது வயதுக்குள்ளேயே தெரிந்துபோயிற்று.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து எடின்பரோ போனார். 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். வெள்ளைக்காரர்களுக்கு என்று இருந்த உயர் கல்விப் பணியில் இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஒரு வருஷம் வேலையில்லாமல் இருந்தார். அந்த நாட்களில் ஜகதீச சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் ஆனார். டாக்டர் பட்டம் வாங்கியவர் வேலையில்லாமல் திரிந்தார் என்றால் டிப்ளமோக்காரர்கள் நாம் கொஞ்சம் தேறிக்கொள்ளலாம்!

வகுப்பில் அவர் செய்யும் ஒரு வேடிக்கையை அவருடைய மாணவர்கள் மறந்ததே இல்லை. மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பையன்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எரிந்த பிறகு அது வெறும் கால்சியம் பாஸ்பேட், அதில் மாடும் இல்லை சாதியும் இல்லை என்பதுதான் பாடம்.

அந்த எலும்பிலிருந்துதான் அவருடைய தொழிற்சாலையும் முளைத்தது. 1892-இல், அப்பர் சர்குலர் ரோடு 91-ஆம் எண் வாடகை வீட்டில், ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான முதலோடு, பெங்கால் கெமிக்கல் தொடங்கிற்று. படித்த வங்காளிப் பையன்கள் குமாஸ்தா வேலைக்குக் கியூவில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து நொந்து போயிருந்தார் ரே. மருந்துக் கடைகளில் இருக்கும் சரக்கெல்லாம் கப்பலில் வருகிறதே, இங்கேயே செய்தால் என்ன என்று ஆரம்பித்தார். கல்லூரி முடிந்து சாயங்காலம் வந்தால் ராத்திரிவரை அடுப்படி வேலைதான்.

சோடியம் பாஸ்பேட் செய்ய மாட்டெலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார். பருவம் தவறி மழை வந்தது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுக, காக்கைக் கூட்டம் கூட, தெருவே நாறிப்போயிற்று. அக்கம்பக்கத்தார் சுகாதார அதிகாரியிடம் போவோம் என்று மிரட்டினார்கள். அவசர அவசரமாக மாணிக்தலாவில் ஒரு காலி இடத்துக்கு எடுத்துப் போய் விறகடுக்கி எரித்தார்கள். நெருப்பைக் கண்டு ரோந்துப் போலீஸ் வந்துவிட்டது. யாரையோ கொன்று பிணத்தை எரிக்கிறார்கள் என்று சந்தேகம்!

சிரித்துவிட்டு மேலே வாருங்கள். அந்தச் சாம்பலைக் கரைக்க எது வேண்டும்? கந்தக அமிலம். எந்தத் தொழிலைத் தொட்டாலும் கடைசியில் அமிலத்தில் வந்து நிற்கும். உரமா, மருந்தா, சாயமா, உலோகமா, எல்லாவற்றுக்கும் அது தாய்ச் சரக்கு. ஆனால் அதைக் கப்பலில் ஏற்றி இறக்குவது பெரும் வம்பு. கண்ணாடிக் கார்பாய்களில் நிரப்பி, வைக்கோல் சுற்றிக் கூடையில் வைத்து அனுப்ப வேண்டும். ஒன்று உடைந்தால் பக்கத்துச் சரக்கெல்லாம் கருகும். அதனால் கூலி எக்கச்சக்கம். தூரத்திலிருந்து கொண்டுவர முடியாத சரக்கு என்பதால்தான், ஒவ்வொரு தேசமும் அதைத் தன் வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. நம் மாகாணத்திலும் 1906-இல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனி உரத் தொழிற்சாலை தொடங்கியது. சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு அடிப்படை இந்த அமிலம்தான்.

ரே மாணிக்தலாவில் நிலம் வாங்கிப் புதிய ஆலையைக் கட்டினார். 1901-இல் லிமிடெட் கம்பெனியாகியிருந்த பெங்கால் கெமிக்கல், 1905 வாக்கில் அங்கே வேரூன்றிற்று. கந்தக அமிலத்துக்கு ஈய அறை முறை. கந்தகத்தை எரித்து வரும் வாயுவை நைட்ரஜன் ஆக்சைடுகளோடும் நீராவியோடும் சேர்த்துப் பெரிய பெரிய ஈயத் தகட்டு அறைகளில் விடுவார்கள். இரும்பு ஏன் கூடாது, ஈயம் ஏன்? அந்த அறைகளில் உண்டாகும் அமிலம் 65 சதவீதம் அளவில்தான் இருக்கும். நீர்த்த அமிலம் இரும்பைத் தின்னும். ஈயத்தின் மேல் மட்டும் ஈய சல்பேட் படலமாகப் படிந்து காப்பாற்றும். இதில் ஒரு விந்தை உண்டு. அதே அமிலத்தை 98 சதவீதத்துக்குச் செறிவாக்கினால் சாதாரண இரும்புத் தொட்டியிலேயே வைக்கலாம். இரும்பு சல்பேட் படலம் மேலே மூடிக்கொள்ளும். அதாவது வீரியம் கூடினால் பாத்திரத்துக்கு ஆபத்து குறைவு, தண்ணீர் சேர்ந்தால்தான் வினை. இதை மனசில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த வளர்ச்சிக்கு நடுவில் இரண்டு சாவுகள். ரேயின் கூட்டாளி டாக்டர் அமூல்ய சரண் போஸ். ஊர் டாக்டர்களிடம் சுதேசி மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அமூல்யருடைய மைத்துனர் சதீஷ் சந்திர சின்ஹா, ரசாயனத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, பத்திரமான உத்தியோகத்தைத் தேடாமல் இந்தப் பட்டறைக்கு வந்தவர். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் விபத்தாக அவர் உயிரைக் குடித்துவிட்டது. அதன்பின் 1898-இல் கல்கத்தாவில் பரவிய பிளேக், அமூல்யரையும் கொண்டுபோயிற்று. ரே ஒற்றையாளாக நின்றார். கடையை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடவில்லை.

சதீஷ் சின்ஹா படிக்காதவர் அல்ல. அந்த அமிலத்தின் குணம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. படித்தவனுக்கும் அடிபடும் என்பதற்குத்தான் அவர் பெயரை இங்கே எழுதுகிறேன். இனி நம்ம ஊர்ப் பக்கம் வருவோம், ரேயிடம் திரும்பிப் போகலாம்.

நம் மாவட்டத்து ரோட்டில் மஞ்சளும் கறுப்புமாக ஆபத்துக் குறி ஒட்டிய டேங்கர் போவதைப் பார்த்திருப்பீர்கள். சாகுபுரத்து டி.சி.டபிள்யூ. ஆலையில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் செய்கிறார்கள். 2018-இல் மூடப்பட்ட தூத்துக்குடித் தாமிர ஆலையில் கந்தக அமிலம் உபபொருளாகவே கிடைத்தது. நூற்பாலை, சாயப்பட்டறை, பாய்லர் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் என்று இந்தச் சரக்குக்குத் தேவை எங்கும் உண்டு. நம்மில் பாதிப்பேர் வேலைக்குப் போகும் இடத்தில், முதல் வருஷமே, கையில் சலானைக் கொடுத்து டேங்கரை இறக்கச் சொல்வார்கள். ஹோஸைப் பிடிப்பது தினக்கூலி அண்ணாச்சி. கையெழுத்துப் போடுவது நாம்.

டேங்கர் ரோட்டில் ஓடும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் வண்டி நின்று, ஹோஸை மாட்டி, வால்வைத் திறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மனுஷனும் அமிலமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள்.

முதல் வேலை வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இத்தகைய வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். கந்தக அமிலத்துக்கு ஐ.நா. எண் 1830, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1789, காஸ்டிக் கரைசலுக்கு 1824. பலகையும் சலானும் நம் தொட்டியின் பெயரும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரைவர் சொன்னார் என்று நம்பி மாட்டக்கூடாது, மாதிரி எடுத்துச் சோதித்த பிறகுதான் மாட்ட வேண்டும். சாயப்பட்டறையில் ஹைப்போகுளோரைட் தொட்டியும் ஆசிட் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், குழாய்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஹைப்போ தொட்டிக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போனால் குளோரின் வாயு கிளம்பும். அப்புறம் ஓடத்தான் வேண்டும், அதுவும் காற்றுக்கு எதிர்த்திசையில். ஆகவே ஒவ்வொரு குழாய் வாய்க்கும் பெயர் எழுதி, பூட்டுப் போட்டு, சாவியை இன்சார்ஜ் வைத்திருக்கும் ஆலைதான் உருப்படியான ஆலை.

அடுத்தது கணக்கு. நாம் தண்ணீரையே நினைத்துக் கணக்குப் போடுகிறோம். 98 சதவீதக் கந்தக அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ. இருபது டன் டேங்கர் என்றால் பதினோராயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தொட்டியில் அவ்வளவு காலி இடம் இருக்கிறதா என்று வால்வைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். சிவில் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்குத் தண்ணீர்க் கணக்கில் தாங்குதூண் போட்டீர்களானால், அதன் மேல் பதினெட்டு டன் உட்காரும்.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை, எஞ்சின் நிறுத்தம், சாவி நம் கையில். ஹோஸ் மாட்டியிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்ட கதைகள் உலகம் முழுக்க உண்டு. பிறகு ஹோஸை மாட்டுவதற்கு முன்னால், ஆமாம், முன்னால், பாதுகாப்பு ஷவரையும் கண் கழுவும் குழாயையும் திறந்து பார்க்க வேண்டும். இன்பிளான்ட் டிரெயினிங் போன ஓர் இடத்தில் அழகாகப் பச்சை பெயின்ட் அடித்த ஷவர் நின்றது. திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெயிலில் மேல்நிலைத் தொட்டி காலியாம். ஆசிட் கண்ணில் பட்டவன் டேங்க் நிரம்பும்வரை காத்திருப்பானா?

ஃபிளேஞ்ச் போல்ட்டை எல்லா ஓட்டையிலும் போட வேண்டும். நாலுக்கு ரெண்டு போதும் என்பது நம்ம ஊர் வியாதி. கேஸ்கட் புதிது, அந்தந்த அமிலத்துக்கு ஏற்றது. ஃபிளேஞ்சின் மேல் பிளாஸ்டிக் உறை கட்டினால், பீய்ச்சியடித்தாலும் கீழே வடியும், முகத்தில் அடிக்காது. வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, கசிவைப் பார்த்து, அப்புறம் முழுசாக. டேங்கருக்குள் கம்ப்ரெசர் காற்றை அடித்துத் தள்ளுவது சில இடங்களில் நடக்கிறது. டேங்கர் அழுத்தக் கலன் அல்ல. பம்ப்பு வைத்து இறக்குவதே சரி. மேல்மூடியும் காற்றோட்டக் குழாயும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெற்றிடமாகி டேங்கர் டப்பா மாதிரி நசுங்கும். முடிகிறவரை ஓர் ஆள் வால்வை விட்டு நகரக்கூடாது. டீ குடிக்கப் போனால் மாற்றாள் வந்தபிறகு போகலாம். கழற்றும்போதுதான் அதிகம் அடிபடுகிறார்கள். வேலை முடிந்த நினைப்பில் முகக்கவசத்தைக் கழற்றியிருப்பார்கள், ஹோஸுக்குள் மிச்சமிருக்கும் அமிலம் போல்ட்டைத் தளர்த்தியதும் பாயும்.

மேலே மனசில் வைக்கச் சொன்னது இப்போது. காலியான கந்தக அமில டேங்கரைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே வெல்டிங் வைப்பது யமனை அழைத்து விருந்து வைப்பது. மிச்சத்தில் தண்ணீர் சேர்ந்து நீர்த்ததும் இரும்பைத் தின்று ஹைட்ரஜனை விடும். ஒரு பொறி போதும். ரேயின் ஈய அறை சொன்ன பாடமும் இதுதான்.

காஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீர் மாதிரி லேசாக நினைப்பவர்கள் அதிகம். கண்ணைப் பொறுத்தவரை காஸ்டிக் அமிலத்தைவிடக் கெட்டது, நிற்காமல் உள்ளே உள்ளே போகும். எதுவானாலும் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், உடையைக் கழற்றிவிட்டு. எலுமிச்சை, சோடா உப்பு என்று கண்ணில் வைத்தியம் பார்க்கக்கூடாது. பிறகு ஆஸ்பத்திரி.

பட்டாசு வட்டாரத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று தனியாக உண்டு. பொட்டாசியம் குளோரேட்டின் மேல் அடர் கந்தக அமிலம் பட்டால் குளோரின் டை ஆக்சைடு உண்டாகி வெடிக்கும். 1805-இல் பாரிசில் சான்செல் என்பவர் செய்த முதல் தீக்குச்சியே இந்தத் தத்துவம்தான். குளோரேட்டும் சர்க்கரையும் பூசிய குச்சியை அமிலப் புட்டியில் தொட்டால் பற்றிக்கொள்ளும். கந்தகத் தூளில் இயல்பாகவே துளி அமிலம் இருப்பதுண்டு. குளோரேட்டோடு அதை உலர்ந்த நிலையில் கலந்தால், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றலாம். பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பதை 1992-இல் அரசு தடை செய்ததற்குப் பின்னால் இந்த ரசாயனம் இருக்கிறது. தீப்பெட்டிக் குச்சி மருந்தில் இரண்டும் இருந்தாலும், பசையோடு ஈரமாகவே அரைப்பார்கள். அலுமினியப் பவுடர் காஸ்டிக்கைத் தொட்டால் ஹைட்ரஜன். ஆகவே குளோரேட்டும் அலுமினியமும் வந்த லாரியில் ஆசிட் கேனை ஏற்றி விடுவது, வாடகை மிச்சம் என்று நினைத்தாலும், செய்யக்கூடாத காரியம். சிந்தியதைத் துடைக்க மரத்தூளும் வேண்டாம், சாக்கும் வேண்டாம். மணல் போட்டு அணை கட்டி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும்.

சரி, ரேயிடம் திரும்புவோம். 1896-இல் மெர்க்குரஸ் நைட்ரைட்டைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டு உலகக் கவனத்தைப் பெற்றார். 1902-இலும் 1909-இலும் இந்திய ரசாயனத்தின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதினார். நம் முன்னோர் உலோகத்தையும் காரத்தையும் அறிந்திருந்தார்கள், பின்னாளில் கைத்தொழில் செய்பவனையும் படித்தவனையும் சாதி பிரித்து வைத்ததால் அறிவு தேங்கிப்போயிற்று என்பது அவர் கட்சி. பாலிடெக்னிக்கில் படிக்கும் நமக்கு இது சுருக்கென்று தைக்கும். பயிற்சிக் கூடத்தில் அரத்தைப் பிடிக்கக் கூச்சப்படும் பையன்கள் இன்றும் இருக்கிறார்களே.

கம்பெனியை அவர் தனிச் சொத்தாக நினைக்கவில்லை. 1903-இல் வேலைக்குச் சேர்ந்து பின்னர் மேலாளரான ராஜசேகர் பாசு, பரசுராம் என்ற பெயரில் வங்காளத்தையே சிரிக்க வைத்த எழுத்தாளர். ஆலையும் இலக்கியமும் ஒரே கூரையின் கீழ்! 1916-இல் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்று அறிவியல் கல்லூரிக்கு வந்தார் ரே. மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். 1922-இல் வட வங்காளத்தில் வெள்ளம் வந்தபோது நிவாரண வேலைக்குத் தலைமை தாங்கினார். 1924-இல் இந்திய ரசாயனக் கழகத்தின் முதல் தலைவர் ஆனார். 1919-இல் வந்த சர் பட்டம் கதர்ச் சட்டையோடு ஒட்டவேயில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது வயது ஆனதும், அதன்பின் வரும் பேராசிரியர் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1936-இல் பதவி விலகும்வரை அப்படியே நடந்தது. ஏழை மாணவர்கள் சிலர் அவர் அறையிலேயே தங்கிப் படித்தார்கள். பெங்கால் கெமிக்கல் 1980-இல் தேசியமயமாகி, இன்றும் மத்திய அரசு நிறுவனமாக நடக்கிறது.

1944 ஜூன் 16-ஆம் தேதி, 82 வயதில், அறிவியல் கல்லூரியில் தாம் குடியிருந்த அதே அறையில் காலமானார். சுற்றிலும் அவருடைய மாணவர்கள் இருந்தார்கள்.

— மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் துறை